ஒழுகாத தொட்டி

மார்ச் மாதத்தில் மூன்றாவது முறையாக என் மீன் தொட்டித் தண்ணீர் ஒனெலியாவின் கட்டிலில் கொட்டியபோது, அவள் நனைந்த தலையணையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து என் மூஞ்சியில் எறிந்தாள். எறிந்தது நியாயம்தான். நான் மூன்றாம் மாடி, அவள் எனக்கு நேர் கீழே. ஹவானாவின் லெயல்தாத் தெருவில் எங்கள் கட்டடத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. என் தரைக்கும் அவள் கூரைக்கும் நடுவில் பலகை இருக்கிறதா, மண் இருக்கிறதா, வெறும் நம்பிக்கைதான் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது.

"நிவால்தோ, என் ராசா," என்றாள். ஒனெலியா கோபத்திலும் ராசா என்றுதான் கூப்பிடுவாள். "இன்னிக்குத் தலையணை வந்துச்சு. அடுத்த தடவை நான் வருவேன். கையில கத்தரியோட வருவேன்."

வீட்டிலேயே பெண்களுக்கு நகம் திருத்திச் சாயம் பூசுகிறவள் அவள். கத்தரிக்குக் குறைவில்லை.

அவள் இறங்கிப் போனதும் என் மனைவி இதால்மிஸ் தரையைத் துடைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னாள். "இன்னும் ஒரே ஒரு சொட்டு. ஒரு சொட்டு அவ வீட்டுல விழுந்துச்சுன்னா, அப்புறம் இந்தத் தொட்டி இந்த வீட்டுல இருக்காது. மீனை உன் கூட்டாளி எலியேசெர்கிட்டக் குடுத்துடு. நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

விழுந்தது. இதால்மிஸ் கத்தினால் பயமில்லை, பதிலுக்கு நானும் கத்தலாம். மெதுவாகப் பேசினால்தான் எனக்குப் பயம்.

முந்நூறு லிட்டர் தொட்டி அது. அதில் கறுப்பு ஏஞ்சல் மீன் ஒரு ஜோடி. நானே வளர்த்த வம்சத்தில் ஏழாவது தலைமுறை. நான் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் ஓடுகிற லிஃப்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் மீன் வளர்க்க எனக்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது. எங்கள் மகள் லியானிஸ் ஸ்பெயினில் சரகோசாவில் இருக்கிறாள். வாராவாரம் போனில் "எப்பப்பா வரப்போறீங்க?" என்பாள். "மீனை யார் பாத்துக்கறது?" என்பேன். அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன், பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

குற்றமெல்லாம் ஒரு வளைந்த குழாய் மேல்தான். தொட்டிக்கு அடியில், அலமாரிக்குள், தண்ணீரைச் சுத்தம் செய்கிற கீழ்த்தொட்டி ஒன்று இருக்கிறது. பழைய சலவை மெஷினிலிருந்து கழற்றிய பம்ப் அங்கிருந்து தண்ணீரை மேலே ஏற்றும். ஏறின தண்ணீர் திரும்ப இறங்க வேண்டுமே, அதற்குத்தான் அந்தக் குழாய். தொட்டியின் விளிம்பில் உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் போட்டு உட்கார்ந்திருக்கும். உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கிற வரை ஒழுங்காக உறிஞ்சி இறக்கும். கரண்ட் போனால் அதற்குள் காற்றுப் புகுந்துவிடும், அதோடு சரி. கரண்ட் திரும்பி வரும்போது பம்ப் மட்டும் எழுந்து வேலையைத் தொடங்கும், குழாய் எழாது. ஏறுகிற தண்ணீர் இறங்க வழியில்லாமல் விளிம்பு வழிந்து தரைக்குப் போகும், தரையிலிருந்து ஒனெலியாவின் தலையணைக்குப் போகும். ஹவானாவில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாது. நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வரும், சனியன்.

இதற்கு ஒரே வழி, கண்ணாடியிலேயே ஓட்டை போடுவது. பின்பக்கக் கண்ணாடியில், மேல் விளிம்புக்கு நாலு விரல் கீழே, ஒரு ஓட்டை. தண்ணீர் அந்த மட்டத்துக்கு வந்தால் தானாக விழும். பம்ப் நின்றால் ஓட்டை மட்டத்தோடு நிற்கும். உறிஞ்சுகிற வேலையே இல்லை, காற்றுப் புகுந்தாலும் கவலை இல்லை. சொல்வதற்குச் சுலபம். பத்து மில்லிமீட்டர் கண்ணாடியில் ஓட்டை போடப் போய் விரிசல் விட்டால் தொட்டி போச்சு. போடாமல் விட்டாலும் தொட்டி போச்சு.

எலியேசெரைக் கூப்பிட்டேன். பழைய அமெரிக்கக் கார்களின் என்ஜினைப் பிரித்து மாட்டுகிறவன், அவனும் மீன் பைத்தியம். ஏப்ரல் முதல் சனிக்கிழமை காலையில் ஒரு பையோடு வந்தான். கையால் சுற்றுகிற பழைய துளைப்பான் ஒன்று, முனையில் அரத்தால் பல் வெட்டிய செப்புக் குழாய்த் துண்டு ஒன்று, என்ஜின் வால்வு தேய்க்கிற பசை ஒரு டப்பா. வைரம் பதித்த துளைப்பானெல்லாம் வெளிநாட்டு வீடியோவில் வரும். எங்களுக்குச் செம்பும் பசையும்தான். பசையிலிருக்கும் பொடி கண்ணாடியைத் தேய்க்கும், செம்பு அந்தப் பொடியைப் பிடித்துக்கொண்டு சுற்றும், அவ்வளவுதான்.

மீன்களைக் குளியலறைத் தண்ணீர்ப் பீப்பாய்க்கு மாற்றினோம். காலித் தொட்டியைச் சாப்பாட்டு மேசையில், மெத்தை விரித்து, முகம் குப்புறப் படுக்க வைத்தோம். எலியேசெர் பின்பக்கக் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தான்.

"மச்சான், இது இறுக்கின கண்ணாடியா, சாதாக் கண்ணாடியா?"

"கண்ணாடி கண்ணாடிதான்டா."

"கிழிஞ்சுது. சூடு பண்ணி, சட்டுனு குளிர வச்சு இறுக்கியிருந்தான்னா, பஸ் கண்ணாடி மாதிரி, நீ ஓட்டை போட்ட அந்த நொடியே மொத்தமும் கல்கண்டு. எங்க வாங்கின இதை?"

தொட்டியை நான் ஒட்டிப் பதினைந்து வருஷமாகிறது. முன்பக்கம் மூடிப்போன செருப்புக்கடையின் காட்சிக் கண்ணாடி. பக்கவாட்டு இரண்டும் யாரோ கொடுத்தது. பின்பக்கம்? பஸ் டிப்போவில் வேலை பார்த்த ஒருத்தன் அந்தக் காலத்தில் ஏதோ கண்ணாடி கொண்டுவந்து தந்தான் என்று நினைவு. இதுவா, வேறா என்று நினைவில்லை.

"கண்டுபிடிக்க வழி இருக்கு," என்றான் எலியேசெர். "லியானிஸ் அனுப்பின கறுப்புக் கண்ணாடி இருக்குல்ல, வெயிலுக்குப் போடுறது? அதைப் போட்டுக்கிட்டு, தொட்டிக்கு அந்தப் பக்கம் போன் திரை வெளிச்சத்தைப் பிடிச்சு, இந்தப் பக்கமிருந்து பாக்கணும். இறுக்கின கண்ணாடின்னா கறுப்புப் புள்ளி புள்ளியாத் தெரியும்."

தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து நிறுத்தி, நான் போனைப் பிடித்தேன், அவன் கறுப்புக் கண்ணாடியோடு குனிந்தான்.

"புள்ளி இருக்கு."

"எங்கடா?"

"இங்க. இங்கயும். அட, இல்ல, இது உப்புக்கறை."

"புள்ளியா கறையா, ஒண்ணைச் சொல்லு."

"நீ பாரு."

இடம் மாறினோம். எனக்குப் புள்ளியும் தெரியவில்லை, கறையும் தெரியவில்லை. நீலமாக ஏதோ கோடு தெரிந்தது. "தலையைக் கொஞ்சம் சாய்ச்சுப் பாரு," என்றான். சாய்த்தேன். ஒரே இருட்டு. போனே மறைந்துவிட்டது.

"ஐயோ, எனக்குக் கண்ணு தெரியலடா!"

"கத்தாதே. நிமிரு. அந்தக் கண்ணாடியோட குணம் அது. சாய்ச்சா வெளிச்சத்தை அடைச்சிடும்."

"சாய்ன்னு நீதானேடா சொன்னே!"

"கொஞ்சம்னு சொன்னேன்."

இரண்டு மணி நேரம். அவன் பார்த்தால் புள்ளி, நான் பார்த்தால் கோடு. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் அவனுக்குக் கோடு, எனக்குப் புள்ளி. போனைத் திருப்பிப் பிடித்தோம், தொட்டியைத் திருப்பினோம், ஜன்னலைச் சாத்தினோம், திறந்தோம். கடைசியில் முன்பக்கத்தைப் பார்க்கிறோமா பின்பக்கத்தைப் பார்க்கிறோமா என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. இதால்மிஸ் காப்பி கொண்டுவந்தாள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன தேடுறீங்க?"

எலியேசெர் விளக்கினான். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"இறுக்கின கண்ணாடியை அறுக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியாது. அறுத்தாலும் அதே கதிதான், பொடியாயிடும்."

"இந்தத் தொட்டியோட நாலு பக்கத்தையும் இவன்தானே அறுத்தான்? இதே தரையில உக்காந்து மூணு நாள் அறுத்தான். நான்தான் அளவுகோலைப் பிடிச்சேன்." காப்பித் தட்டை மேசையோரத்தில் வைத்தாள். "அறுபட்டுச்சுன்னா சாதாக் கண்ணாடிதானே?"

எலியேசெர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தான். நான் காப்பியைக் குடித்தேன். நாக்கு வெந்தது.

ஓட்டை போட இரண்டு நாள் ஆனது. களிமண்ணால் வட்டமாக ஒரு கரை கட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றி, பசையைத் தடவி, செப்புக் குழாயை நேராக நிறுத்திச் சுற்றினோம். ஒருத்தன் சுற்ற, ஒருத்தன் குழாய் சாயாமல் பிடிக்க. அழுத்தக்கூடாது. அவசரப்படக்கூடாது. நான் இரண்டையும் செய்கிறவன் என்பதால் எலியேசெர் என்னை வாயாலேயே அடித்துக்கொண்டிருந்தான். "மெதுவா, மெதுவாடா மாடே, லிஃப்ட் கம்பியா சுத்துறே?" நடுவில் கரண்ட் போனது. கைத்துளைப்பானுக்குக் கரண்ட் எதற்கு? வாழ்க்கையில் முதல்முறையாகக் கரண்ட் போனதைக் கவனிக்காமல் வேலை பார்த்தேன்.

பாதி ஆழம் போனதும் நானே தொட்டிக்குள் தலையை விட்டு, மறுபக்கத்திலிருந்து மீதியைச் சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஒரு வட்டக் கண்ணாடித் துண்டு என் உள்ளங்கையில் விழுந்தது. விளிம்பில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. எலியேசெரின் வழுக்கைத் தலையில் முத்தம் கொடுத்தேன். இதால்மிஸ் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "முடிஞ்சுதா?" என்றாள். "முடிஞ்சுது! விரிசல் இல்ல!" என்றேன். "ம்," என்று உள்ளே போய்விட்டாள். சந்தோஷமாக இருக்கிறாளா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்குப் போடுகிற டேங்க் நிப்பிளை ஓட்டையில் மாட்டி, சைக்கிள் டியூபை வெட்டி வாஷர் போட்டு இறுக்கினோம். மறு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது. கட்டடமே ஒரே குரலில் திட்டியது, நான் மட்டும் கைதட்டினேன். நாற்காலியைப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். தண்ணீர் ஓட்டை மட்டத்துக்கு இறங்கி நின்றது. பிற்பகல் இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. பம்ப் ஏற்றியது, ஓட்டை இறக்கியது. தரையில் ஒரு சொட்டு இல்லை. பன்னிரண்டு தடவை அந்த மாதம் கரண்ட் போய் வந்தது, பன்னிரண்டு தடவையும் இப்படித்தான். கர்வமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

மே மாதம் நடுவில், ரொட்டி வாங்கிக்கொண்டு படியேறி வந்த இதால்மிஸ் சொன்னாள். "ஒனெலியா சொன்னா. மறுபடி ஒழுகுதாம்."

"எங்க ஒழுகுதாம்?"

"அவ கட்டிலுக்கு மேலதான். மூணு சொட்டு."

"இருக்கவே இருக்காது!"

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

தரையைத் தடவினேன். காய்ந்து கிடந்தது. தொட்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்து வைத்தேன். நாலு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் மொறுமொறுவென்று இருந்தது. ஐந்தாம் நாள், "நேத்தும் ஒழுகிச்சாம்," என்றாள் இதால்மிஸ். நகச்சாயத்தால் தொட்டியிலும் கீழ்த்தொட்டியிலும் தண்ணீர் மட்டத்தைக் கோடு போட்டேன். காலையும் மாலையும் பார்த்தேன். ஆவியாகப் போகிற அளவுக்கு மேல் ஒரு மயிரிழை குறையவில்லை. பிறகு முகப்பவுடரைத் தரை முழுவதும் தூவினேன். தண்ணீர் ஓடியிருந்தால் தடம் தெரியும். என் செருப்புத் தடமும், இதால்மிஸின் செருப்புத் தடமும் மட்டும் தெரிந்தன. பவுடரை வீணாக்கியதற்குத் திட்டு வாங்கினேன்.

தொட்டி நிறைந்திருக்கிறது. தரை காய்ந்திருக்கிறது. கீழ்வீட்டில் ஒழுகுகிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது? சுவருக்குள் வேறு குழாய் ஏதாவது கசிகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் தும்முவது கேட்டது. ஓட்டையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்குமோ என்று விரலால் தடவித் தடவி விரல் நுனி தேய்ந்தது. தூக்கத்தில்கூட மெதுவா, மெதுவாடா மாடே என்று எலியேசெர் கத்தினான்.

"நானே கீழ போய்ப் பாத்துட்டு வர்றேன்," என்றேன்.

"வேண்டாம்," என்றாள் இதால்மிஸ் சட்டென்று. "அவ கொதிச்சுக்கிட்டு இருக்கா. நீ போனா வெட்டுக்குத்துதான். நான் பேசிக்கறேன்."

கத்தரி நினைவுக்கு வந்தது. போகவில்லை. ஆனால் ஒருநாள் படிக்கட்டில் ஒனெலியா எதிரே வந்துவிட்டாள். விலகி ஓடவும் முடியாது, முன்னால் அவள், பக்கத்தில் சுவர்.

"என்ன ராசா, ஆளையே காணோம்? மீனெல்லாம் சௌக்கியமா?" என்று பல் தெரியச் சிரித்தாள்.

குத்தலாகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "மன்னிச்சுக்கோ, சீக்கிரம் சரி பண்ணிடறேன்," என்று முணுமுணுத்துவிட்டு இரண்டு இரண்டு படியாக ஏறினேன். "எதை?" என்று கீழிருந்து கேட்டது போலிருந்தது. அதையும் குத்தல் கணக்கில் சேர்த்தேன்.

ஜூன் முதல் வாரம் இதால்மிஸ் கெடு வைத்துவிட்டாள். "ஒரு சொட்டுன்னு சொன்னேன், இது எத்தனையாவது சொட்டு? ஞாயித்துக்கிழமைக்குள்ள தொட்டி காலியாகணும்." மறுநாளே எலியேசெர் தெருவில் என்னைப் பிடித்தான். "மச்சான், ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும்? பீப்பாய் தயார். இதால்மிஸ் ஏப்ரல்லேயே சொல்லிட்டா, இடத்தைத் தயார் பண்ணி வைன்னு."

"எப்ப?"

"ஏப்ரல்ல. ஓட்டை போட்டு முடிச்ச மறுநாள்." என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான். "உனக்குத் தெரியும்னு நினைச்சேன்டா."

ஏப்ரலில் ஒழுகவில்லை. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகாத தொட்டிக்கு எதற்கு ஏப்ரலில் பீப்பாய்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வெட்டினால் வெட்டட்டும் என்று நேராக ஒனெலியாவின் கதவைத் தட்டினேன்.

பாத்திரத்து வெந்நீரில் காலை ஊறவைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒனெலியா அவளுடைய கைவிரலைப் பிடித்தபடியே, "வா ராசா, வா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

"கூரையைப் பாக்கணும்."

"பாரு, பாரு. பாக்கவே வரலையேன்னு எனக்கு வருத்தம்தான்."

படுக்கையறையில் கட்டிலுக்கு மேலே கூரை மஞ்சளாக மின்னியது. புதுச் சாயம். ஒரு கறை, ஒரு உப்பல், ஒரு பொட்டு ஈரம் இல்லை. நாற்காலி போட்டு ஏறித் தொட்டுப் பார்த்தேன். விரல் காய்ந்தே இருந்தது.

"ஏப்ரல் கடைசியில அடிச்சேன்," என்றாள் பின்னாலேயே வந்த ஒனெலியா பெருமையாக. "மாம்பழம் மாதிரி இருக்குல்ல?"

"அப்போ... மே மாசம் ஒழுகினது?"

"எங்க ஒழுகிச்சு? மார்ச்சுக்கு அப்புறம் ஒரு சொட்டு இல்ல. உன் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்." கூரையிலிருந்து பார்வையை எடுத்தாள். "போன வாரம்கூட இதால்மிஸ் வந்து கேட்டாளே. ஒழுகுதா ஒனெலியா, நல்லாப் பாத்துச் சொல்லுன்னா. இல்லவே இல்லம்மா, இனிமே நூறு வருஷத்துக்கு ஒழுகாதுன்னு சொன்னேன். சிரிப்பான்னு பாத்தா, அந்தா, அந்த வாசப்படியில உக்காந்து அழ ஆரம்பிச்சுட்டா. சந்தோஷத்துல அழுறான்னு நான் ஒரு டம்ளர் தண்ணி குடுத்தேன்."

எப்படி மாடியேறினேன் என்று தெரியாது. இதால்மிஸ் அடுப்படி மேசையில் தட்டு நிறையக் கறுப்பு மொச்சையைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கீழ போனியா?"

"போனேன். கூரை மஞ்சளா ஜொலிக்குது." என் குரல் எனக்கே அடங்கவில்லை. "ஒரு மாசமா என்னைப் பைத்தியக்காரனாக்கிட்டியேடி! தரையெல்லாம் பவுடர் போட்டேன்! செவுத்துல காதை வச்சேன்! எதுக்கு? என்ன எடத்தை அடைக்குது அந்தத் தொட்டி? உன்னை என்ன பண்ணிச்சு அந்த மீனு?"

அவள் எழுந்தாள். மேல் தட்டிலிருந்து மாவு டப்பாவை இறக்கி, ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து, மேசையில் மொச்சைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்குள் புத்தம்புது ஸ்பெயின் பாஸ்போர்ட். அவளுடைய தாத்தா அந்த நாட்டுக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் எங்கோ வரிசையில் நின்று மனுப் போட்டது எனக்குத் தெரியும். வந்தது தெரியாது.

"பிப்ரவரியிலேயே வந்துடுச்சு," என்றாள். "புருஷனையும் கூட்டிட்டுப் போகலாம். செப்டம்பர்ல லியானிஸுக்குக் குழந்தை பிறக்கப் போகுது. அதையும் உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னு நான்தான் அவகிட்டச் சொன்னேன்."

பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்தேன். "ஏன்? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"போன தடவை லியானிஸ் கேட்டப்போ என்ன சொன்னே?"

நினைவில்லை.

"உங்கம்மாவை வேணா அனுப்பறேன், எனக்கு மீன் இருக்குன்னு சொன்னே. சிரிச்சுக்கிட்டே சொன்னே. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அது தமாஷு இதால்மிஸ்! சும்மா சொன்னது!"

"எனக்கெப்படித் தெரியும்?" இப்போதும் அவள் கத்தவில்லை. "நீ எல்லாத்தையும்தான் தமாஷாச் சொல்றே. நான் நிஜமாக் கேட்டு, நீ நிஜமாவே அதையே சொல்லிட்டேன்னா? முப்பத்தோரு வருஷம் உன்கூடக் குப்பை கொட்டிட்டு, மீனுக்கு அடுத்ததுதான் நான்னு தெரிஞ்சுக்கிட்டு ஏரோப்ளேன் ஏறணுமா? என்னால ஆகாது. மார்ச்ல நிஜமாவே ஒழுகிச்சு. சரி, நமக்கு நல்ல காலம், தொட்டி தானாப் போயிடும், மீன் இல்லாத மனுஷன்கிட்ட அப்புறமா தைரியமாக் கேட்டுக்கலாம்னு இருந்தேன். நீ என்னடான்னா, உக்காந்து ஓட்டை போட்டு அதை ஒழுகாமப் பண்ணிட்டே. நானே வேற, சாதாக் கண்ணாடின்னு எடுத்துக் குடுத்தேன். வாய் சும்மா இருக்குதா?"

மறுபடி உட்கார்ந்து கல் பொறுக்க ஆரம்பித்தாள். நல்ல மொச்சையையும் கல்லோடு சேர்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அப்போதும் கேட்கவில்லை.

நான் தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தேன். ஆண் மீன் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. சாப்பாட்டு நேரம். தண்ணீர் ஓட்டை வழியே சீராக இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு நல்ல வேலை. என் கையால் அதைவிட நல்ல வேலை எதுவும் நான் செய்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. மீனை நினைத்தா, படியில் உட்கார்ந்து அழுதவளை நினைத்தா என்று பிரிக்கத் தெரியவில்லை. எழுந்து போய், வர்றேன் இதால்மிஸ் என்று சொல்லலாம். நம்புவாளா? என் வாயிலிருந்து வருகிற எதை அவள் இத்தனை வருஷத்தில் நம்ப முடிந்தது?

குளியலறைக்குப் போனேன். பெரிய வாளி நிறையத் தண்ணீர் மொண்டேன். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, தொட்டிக்குப் பக்கத்தில், ஒனெலியாவின் கட்டிலுக்கு நேர் மேலே, தரையில் கவிழ்த்தேன். திரும்பப் போய் இன்னொரு வாளி கொண்டுவந்து அதையும் கவிழ்த்தேன்.

சத்தம் கேட்டு இதால்மிஸ் கையில் மொச்சைத் தட்டோடு வாசலில் வந்து நின்றாள். தண்ணீர் அவள் செருப்பு வரை ஓடியது. தரையைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒழுகுது இதால்மிஸ்," என்றேன். "நல்லாவே ஒழுகுது. இனிமே இதை வீட்டுல வச்சுக்க முடியாது. எலியேசெரை வரச் சொல்லு."

அவள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கீழே ஒரு கதவு படாரென்று திறந்தது.

"நிவால்தோ! ஐயோ, என் மஞ்சக் கூரை! என் புதுச் சாயம்! நாசமாப் போறவனே, வர்றேன்டா!"

பால்கனிக் கம்பியைப் பிடித்துக் குனிந்தேன். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"மன்னிச்சுக்கோ ஒனெலியா! இதுதான் கடைசித் தடவை!"